யார் யார் தொடுகிறார்கள்? கர்னல் மாறிகள் பற்றிக் கேள்வி பதில்

லினக்ஸின் உட்கருவான கர்னலின் மூலநிரலில் மாறிகளைக் கையாள்வது பற்றி மொரீஷியஸில் ரெதுயி, எபேன், ரோஸ் ஹில் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில். விண்டோஸ் கர்னல் எனக்குத் தெரிந்த துறை அல்ல. சி மொழியின் அரிச்சுவடியும் இங்கே கிடைக்காது. கேட்கும்போது உங்கள் மாறியை யார் யார் தொடுகிறார்கள் என்று சேர்த்து எழுதுங்கள்: ஒரே திரெட்டா, இன்டரப்ட்டும் (வன்பொருள் குறுக்கிட்டு ஓடவைக்கும் நிரல்) தொடுகிறதா, இரண்டு ப்ராசஸர் கோர்களா? அதைச் சொல்லாமல் "சில நேரம் தப்பாக வருகிறது" என்றால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

ரெதுயி, மாணவி: ஒரு ஃபங்ஷனுக்குள் 8192 பைட் கேரக்டர் அரே வைத்தேன். கம்பைல் செய்யும்போது ஃப்ரேம் அளவு 2048-ஐத் தாண்டுகிறது என்று எச்சரிக்கை. ஆனால் மாட்யூல் ஓடுகிறது. விட்டுவிடலாமா ஐயா?

விடாதீர்கள். சாதாரண நிரலுக்கு லினக்ஸில் லோக்கல் மாறிகள் உட்கார வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் இருக்கும். கர்னலில் ஒரு திரெட்டுக்கு 64-பிட் இன்டெல்லிலும் ஆர்மிலும் மொத்தமே 16 கேபி, 32-பிட் ஆர்மில் 8 கேபி. உங்கள் அரே ஒன்றே பாதியைத் தின்றுவிட்டது. மீதியில்தான் சிஸ்டம் கால், கோப்பு முறைமை, பிளாக் அடுக்கு, டிரைவர் என்று ஒன்றை ஒன்று கூப்பிடும் முழுச் சங்கிலியும் நிற்க வேண்டும். நீங்கள் சோதித்தபோது சங்கிலி குட்டையாக இருந்திருக்கும், அதனால் ஓடியது.

மெமரி ஒதுக்கித் தரும் கேமலாக்கில் 8192 பைட் கேளுங்கள், ஜிஎஃப்பி_கர்னல் கொடியோடு. வந்தது நல் சுட்டியா என்று பாருங்கள். ஃபங்ஷனை விட்டு வெளியேறும் ஒவ்வொரு வழியிலும் அதை விடுவிக்கும் கேஃப்ரீ இருக்க வேண்டும். பிழை வந்து பாதியில் திரும்பும் வழியில்தான் எல்லோரும் மறப்பார்கள். இன்டரப்டுக்குள் என்றால் கொடி ஜிஎஃப்பி_அடாமிக், ஏனென்றால் அங்கே தூங்க, அதாவது வேலையை நிறுத்திக் காத்திருக்க, முடியாது. அரேயின் அளவையே ஒரு மாறியிலிருந்து எடுக்கும் பழக்கமும் வேண்டாம். அந்த வகை அரேக்களை 2018-இல், 4.20 பதிப்போடு, கர்னலிலிருந்தே துடைத்தெடுத்துவிட்டார்கள்.

ரோஸ் ஹில், மாணவர்: "ஸ்டாடிக் இன்ட் கவுன்ட் = 0" என்று எழுதினால் நிரல் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் திட்டுகிறது. பூஜ்யம் போடுவது நல்ல பழக்கம்தானே?

ஆரம்ப மதிப்பு கொடுக்காத ஸ்டாடிக், குளோபல் மாறிகள் பிஎஸ்எஸ் என்ற மெமரிப் பகுதியில் உட்காரும். அந்தப் பகுதி முழுவதும், கர்னல் எழும்போதோ மாட்யூல் ஏறும்போதோ, பூஜ்யமாக்கப்படும். அதனால் = 0 போடத் தேவையில்லை. முன்காலத்து ஜிசிசி இப்படி எழுதிய மாறியை டேட்டா பகுதியில் வைத்துக் கர்னல் கோப்பையே பெருக்கும். இன்றைய ஜிசிசி அப்படிச் செய்வதில்லை, பழக்கம் மட்டும் விதியாக நிற்கிறது. லோக்கல் மாறிக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே மதிப்பு கொடுக்காவிட்டால் பழைய குப்பைதான் இருக்கும்.

மாயேபூர்: யுஎஸ்பி சென்சர் ஒன்றுக்கு டிரைவர் எழுதுகிறேன். 8 பைட் பஃபர்தான், லோக்கல் மாறியாக வைத்தேன். "ட்ரான்ஸ்ஃபர் பஃபர் இஸ் ஆன் ஸ்டாக்" என்று எச்சரிக்கை வந்து, டேட்டா வரவில்லை. 8 பைட்டுக்கு ஸ்டாக்கில் இடமில்லையா?

இங்கே இடம் பிரச்சினை இல்லை. அந்த 8 பைட்டை எழுதப்போவது ப்ராசஸர் அல்ல, டிஎம்ஏ, அதாவது ப்ராசஸர் வழியே வராமல் மெமரியில் நேரடியாக எழுதும் வன்பொருள். யார் தொடுகிறார்கள் என்று நான் கேட்பது இதற்காகத்தான். டிஎம்ஏ-வுக்கு வேண்டியது மெமரியின் நேரடி முகவரி. இப்போது கர்னல் ஸ்டாக் மெய்நிகர் முகவரிகளில் தைத்து வைக்கப்படுகிறது (இன்டெல்லில் 2016-இல் 4.9 பதிப்பில் வந்தது), ஆகவே பழைய முகவரிக் கணக்கு அங்கே பொருந்தாது. அது பொருந்தினாலும், சில ஆர்ம் போர்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. பஃபரும் பக்கத்து மாறியும் ஒரே கேஷ் லைனில் (கேஷ் மொத்தமாகக் கையாளும் சிறு மெமரித் துண்டு) இருந்தால், கேஷைத் துடைக்கும்போது பக்கத்து மாறியும் சேர்ந்து கெடும்.

8 பைட்டே ஆனாலும் கேமலாக். டிரைவரின் ஸ்ட்ரக்சருக்குள் அரேயாக வைக்காமல் தனியாக ஒதுக்கிச் சுட்டியை மட்டும் வையுங்கள்.

வக்வா: 32-பிட் போர்டு. ஜிஃபீஸ் வைத்து 2 நொடி கெடு பார்க்கிறேன். போர்டு எழுந்து ஏறக்குறைய 5 நிமிடத்தில் ஒரு முறை மட்டும் கெடு உடனே முடிந்துவிட்டதாக வருகிறது. ஹார்ட்வேர் கோளாறா?

ஹார்ட்வேர் நன்றாக இருக்கிறது. நீங்கள் "ஜிஃபீஸ் > கெடு" என்று எழுதியிருப்பீர்கள்.

ஜிஃபீஸ் ஒவ்வொரு டிக்குக்கும் ஒன்று கூடும் மாறி. 32-பிட்டில் நிரம்பியதும் பூஜ்யத்துக்குத் திரும்பும். நொடிக்கு 100 டிக் என்றால் நிரம்ப 497 நாள், 1000 டிக் என்றால் 49.7 நாள். அத்தனை நாள் கழித்து வரும் பிழையை யார் உட்கார்ந்து பிடிப்பது? அதனால்தான் கர்னல்காரர்கள் வேண்டுமென்றே அதைப் பூஜ்யத்தில் தொடங்காமல், நிரம்புவதற்கு 300 நொடி இருக்கும் இடத்தில் தொடங்குகிறார்கள். உங்கள் 5 நிமிடம் அதுதான். 4 நிமிடம் 59-ஆம் நொடியில் கெடு கணக்கிட்டால், கூட்டல் வழிந்து கெடு சின்ன எண்ணாகிவிடும். ஜிஃபீஸோ இன்னும் உச்சியில் நிற்கிறது. ஆகவே "கெடு தாண்டிவிட்டது".

டைம்_ஆஃப்டர் மேக்ரோவில் ஜிஃபீஸையும் கெடுவையும் கொடுங்கள். அது ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, குறியுள்ள எண்ணாகப் பார்க்கும். வழிந்தாலும் வித்தியாசம் சரியாகவே வரும். இதே நிரல் 64-பிட்டில் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் அங்கே மாறி 32-பிட் எல்லையைக் கடந்து மேலே போய்க்கொண்டே இருக்கும். லேப்டாப்பில் சரியாக ஓடுகிறதே என்று வாதாட வேண்டாம்.

கியூர்பிப்: குளோபல் மாறிக்கு ஆரம்ப மதிப்பு 0 கொடுக்கலாமா?

மேலே, ரோஸ் ஹில்.

எபேன், எம்பெடெட் வேலை: இன்டரப்ட் ஹேண்ட்லர் ஒரு கொடி மாறியை 1 ஆக்கும், இன்னொரு ஃபங்ஷன் அது 1 ஆகும்வரை சுற்றும். வாலடைல் போட்டதும் வேலை செய்தது. ரிவ்யூவில் வாலடைலை எடு என்கிறார்கள். ஏன்?

உங்களுக்கு வேண்டியது கொடியே அல்ல, வேலை முடிந்ததைக் காத்திருப்பவருக்கு அறிவிக்கும் கம்ப்ளீஷன். ஹேண்ட்லரில் கம்ப்ளீட், காத்திருக்கும் இடத்தில் வெயிட்_ஃபார்_கம்ப்ளீஷன்_டைம்அவுட். கோர் சும்மா சுற்றாமல் வேறு வேலை பார்க்கும். அது 0 திருப்பினால் கெடு முடிந்தது என்று பொருள், மற்றபடி மீதியுள்ள ஜிஃபீஸ். வாங்கும் மாறி அன்சைன்ட் லாங்காக இருக்கட்டும்.

வாலடைல் செய்வது ஒன்றே ஒன்று: கம்பைலர் அந்த மாறியை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு ஏமாற்றாமல் ஒவ்வொரு முறையும் மெமரிக்குப் போகும். மெமரியில் எழுதும் வரிசையை ப்ராசஸர் தன் இஷ்டப்படி மாற்றுவதை அது தடுக்காது. முதலில் டேட்டா, பிறகு கொடி என்று நீங்கள் எழுதினாலும், ஆர்மில் மறு கோர் கொடியை முன்பும் டேட்டாவைப் பின்பும் பார்க்கலாம்.

எபேன், அதே நண்பர்: 8-பிட் மைக்ரோகன்ட்ரோலரில் இதைத்தானே எல்லோரும் செய்கிறார்கள்? மேலும் ஜிஃபீஸையே வாலடைல் என்றுதான் கர்னலில் அறிவித்திருக்கிறார்கள்!

ஒரே கோர், ஒரே இன்டரப்ட், ஒரு பைட் கொடி என்றால் வாலடைல் போதும். கர்னல் அந்த வீடு அல்ல. ஜிஃபீஸ் விதிவிலக்கு, கர்னல் ஆவணமே அதைப் பழைய வழக்கமாக, முன்மாதிரியாகக் கொள்ளக் கூடாததாகத்தான் குறிக்கிறது. யாரும் பூட்டு (லாக்) போடாமல் வாசிக்கும், மதிப்பு மட்டும் தானே மாறும் மாறி அது.

போர்ட் லூயிஸ்: குறுக்கிடுகிறேன். வாலடைலுக்குப் பதிலாகக் கர்னல்காரர்கள் போடும் ரீட்_ஒன்ஸ் மேக்ரோவைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் வாலடைல்தானே இருக்கிறது?

இருக்கிறது, நல்ல கேள்வி. வித்தியாசம் எங்கே ஒட்டுகிறோம் என்பதில். அறிவிப்பில் வாலடைல் போட்டால், அந்த மாறியைத் தொடும் எல்லா இடமும் வாலடைல் ஆகிவிடும். பூட்டைப் பிடித்திருக்கும்போது வேறு யாரும் மாற்ற முடியாது, அங்கேயும் கம்பைலரின் கையைக் கட்டிவிடுகிறீர்கள். ரீட்_ஒன்ஸ் அந்த ஒரு வாசிப்புக்கு மட்டும். வாசிப்பவருக்கும், "இங்கே பூட்டு இல்லாமல் வேண்டுமென்றே வாசிக்கிறேன்" என்று அது சொல்லும். அதுவும் வரிசைக்கு உத்தரவாதம் தராது. டேட்டாவும் கொடியும் சேர்ந்து போகும் இடத்தில் எழுதும் பக்கம் எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ், படிக்கும் பக்கம் எஸ்எம்பி_லோட்_அக்வயர் என்று ஜோடியாகப் போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் பயனில்லை.

எபேன்: சரி, வரிசை புரிகிறது. வெறும் எண்ணிக்கைக்கு? வாலடைல் மாறியில் ++ போட்டால் என்ன கெடும்?

++ என்பது ஒரே அசைவு அல்ல: எடு, கூட்டு, வை. இரண்டு கோர் ஒரே நேரத்தில் 41-ஐ எடுத்தால் இரண்டும் 42-ஐ வைக்கும், ஒரு கணக்கு காணாமல் போகும். சோதித்துப் பாருங்கள். இரண்டு கர்னல் திரெட்டுகளை கோர் 0-இலும் 1-இலும் கட்டிவைத்து, ஒவ்வொன்றும் பத்து லட்சம் முறை ++ செய்யட்டும். பிறகு அதே சோதனையை அடாமிக்_இன்க் வைத்து ஓட்டுங்கள். ஒரு மெமரியை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி அதன் ஆயுளை முடிவு செய்யும் மாறி என்றால் அடாமிக் வேண்டாம், ரெஃப்கவுன்ட்_டி. நிரம்பினால் பூஜ்யத்துக்கு வழியாமல் உச்சியிலேயே நின்றுவிடும். இன்னும் பயன்பாட்டில் இருக்கும் மெமரி விடுவிக்கப்படும் ஓட்டையை அது அடைக்கிறது.

குவாத்ர் போர்ன்: பாக்கெட் எண்ணிக்கைக்கு அடாமிக் வைத்தேன், 8 கோரில் மெதுவாகிறது. அரேயாக்கிக் கோருக்கு ஒரு இடம் கொடுத்தேன், அப்போதும் வேகம் வரவில்லை.

கோவிலில் ஏழு கறிப் பந்தி நடக்கும்போது எத்தனை இலை போட்டார்கள் என்று எண்ண ஒரே நோட்டுப் புத்தகத்தை எட்டு வரிசைக்கும் சுற்றவிட்டால் எப்படி? ஒவ்வொரு இலைக்கும் நோட்டு வரும்வரை நிற்க வேண்டும். அடாமிக் அதுதான். வரிசைக்கு ஒருவர் தனித்தனியே எண்ணிக் கடைசியில் கூட்டுவதுதான் பெர்-சிபியு மாறி. உங்கள் அரே எட்டு நோட்டாகத் தெரிந்தாலும், 8 பைட் மாறிகள் எட்டும் 64 பைட் கேஷ் லைன் ஒன்றுக்குள் அடங்கிவிடும். எட்டுக் கட்டம் போட்ட ஒரே பக்கம்தான் அது.

டிஃபைன்_பெர்_சிபியு கொண்டு அறிவியுங்கள், திஸ்_சிபியு_இன்க் கொண்டு கூட்டுங்கள். மொத்தம் எடுக்கும்போது இயங்கும் கோர்களை மட்டும் சுற்றாமல், இருக்கக்கூடிய எல்லாக் கோர்களையும் சுற்றுங்கள். இல்லாவிட்டால், நிறுத்தி வைத்த கோரின் கணக்கு விடுபடும். சுட்டியாக எடுத்து வேலை செய்தால் கெட்_சிபியு_பிடிஆர் தொடங்கிப் புட்_சிபியு_பிடிஆர் வரை தூங்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போது கூட்டினால் மொத்தம் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். அது ஒத்துவராது என்றால் பெர்-சிபியு உங்களுக்கு அல்ல.

ரோஸ் ஹில், வேறொருவர்: மொரீஷியஸ் நேரம் கர்னலில் எந்த மாறியில் இருக்கிறது? கேமரா கார்டில் படங்கள் 4 மணி தள்ளிக் காட்டுகின்றன.

கர்னல் கணக்கு வைப்பது யுடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில். நம் நாட்டுக்கு 4 மணி கூட்டுவது பயனர் பக்க நூலகத்தின் வேலை. 2008 அக்டோபரிலிருந்து 2009 மார்ச் வரை இங்கே கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை ஒரு மணி முன் தள்ளியபோது மாறியது நேரமண்டலத் தரவு மட்டுமே. சிஸ்_டிஇசட் என்று ஒரு மாறி கர்னலில் உண்டு, பழைய மிச்சம். ஃபாட் கோப்பு முறைமை அதைப் பார்க்கும், ஏனென்றால் ஃபாட்டில் உள்ளூர் நேரமே எழுதப்படுகிறது. வன்பொருள் கடிகாரம் யுடிசியில் இருக்கும் கணினியில் அந்த மாறி பெரும்பாலும் 0. ஆகவே காலை 10-க்கு எடுத்த படம் 10 யுடிசி என்று கொள்ளப்பட்டு, பிற்பகல் 2 என்று தெரியும். மவுன்ட் செய்யும்போது டைம்_ஆஃப்செட்=240 கொடுங்கள். நிரலில் கை வைக்க வேண்டாம்.

ரோத்ரீக்ஸ்: ஃப்ளோட் மாறி?

வேண்டாம். மில்லிவோல்ட், மைக்ரோநொடி என்று முழு எண்ணில் கணக்கிடுங்கள்.

ரெதுயி: ஃபார் லூப்புக்குள்ளேயே "இன்ட் ஐ" அறிவிக்கலாமா?

2022-இல் வந்த 5.18 முதல் கர்னல் சி11-க்கு மாறியது, அதனால் கம்பைல் ஆகும். நீங்கள் திருத்தும் கோப்பில் மற்றவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்களோ அப்படி எழுதுங்கள்.

கியூர்பிப்: __இனிட்டேட்டா போட்ட அட்டவணையைப் பிறகு படித்தால் குப்பை வருகிறது.

பூட் முடிந்ததும் அந்த மெமரியைக் கர்னல் விடுவித்துவிடும். கட்டும்போது "செக்‌ஷன் மிஸ்மேட்ச்" என்று மாட்போஸ்ட் என்ற சோதனைக் கருவி சொல்லியிருக்கும், படிக்காமல் விட்டிருப்பீர்கள். தொடக்கத்தில் ஒரு முறை எழுதி, பிறகு படிக்க மட்டும் வேண்டுமென்றால் __ஆர்ஓ_ஆஃப்டர்_இனிட்.

வக்வா: மாட்யூல் பாராமீட்டரை 0644 அனுமதியோடு வைத்தேன். ஒரே ஃபங்ஷனுக்குள் மேலே ஒரு மதிப்பும் கீழே வேறு மதிப்பும் வருகிறது.

0644 என்றால் ரூட் பயனர் எப்போது வேண்டுமானாலும் அதை மாற்றலாம். தொடுகிறவர் பட்டியலில் அவரையும் சேருங்கள். ஃபங்ஷன் தொடக்கத்தில் ரீட்_ஒன்ஸ் வைத்து ஒரு லோக்கல் மாறியில் எடுத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். லோக்கல் என்றதும் யாராவது பெரிய அரே வைக்கப் போகிறீர்கள் என்றால், 16 கேபி.

போர்ட் லூயிஸ், மாணவர்: அண்ணா, ஸ்டாடிக் மாறிக்கு = 0...

தம்பி, மூன்றாவது முறை. ரோஸ் ஹில் பதிலைப் படியுங்கள்.

எபேன்: சோதித்தேன். வாலடைலில் 20 லட்சம் வரவேயில்லை, ஒவ்வொரு முறையும் வேறு எண். அடாமிக்கில் சரியாக 20 லட்சம். ஆனால் இரண்டு திரெட்டையும் ஒரே கோரில் கட்டியபோது வாலடைலிலும் 20 லட்சமே வந்தது. அப்படியானால் ஒரே கோரில் பாதுகாப்புதானே?

இல்லை. அந்த ஓட்டத்தில் மாட்டவில்லை, அவ்வளவுதான். எடுத்ததற்கும் வைத்ததற்கும் நடுவில் ஷெட்யூலர் ஒரு திரெட்டை நிறுத்தி மற்றதை ஓட்டினால் அங்கேயும் கணக்கு போகும். இன்டெல்லில் கம்பைலர் ++ ஐ மெமரிமேலேயே ஒரே கட்டளையாக்கினால் ஒரே கோரில் அது நடக்காது. ஆர்மில் எடுக்க ஒன்று, கூட்ட ஒன்று, வைக்க ஒன்று என்று மூன்று கட்டளை. ராஸ்பெரி பையில் சுற்றை நூறு மடங்காக்கி மறுபடி ஓட்டிவிட்டு வாருங்கள்.