பட்டறைக்கு எட்டு கேமரா வேண்டுமா?

கேள்வி: கோவை கணபதியில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 20க்கு 40 அடி இடம், மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், முன்னால் ஷட்டர், பின்னால் ஒரு இரும்புக் கதவு. போன மாதம் இரண்டு கடை தள்ளி மோட்டார் ரீவைண்டிங் கடையில் செம்புக் கம்பியை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பயந்துபோய் ஒரு டீலரைக் கூப்பிட்டேன். எட்டு கேமரா, காட்சியைப் பதிகிற டி.வி.ஆர். பெட்டி, 1 டி.பி. ஹார்டு டிஸ்க், வயரிங் எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய் என்று கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். ஒரு மாதப் பதிவு இருக்கும் என்கிறார். கேமராவைப் பார்த்தாலே திருடன் வரமாட்டான், அலாரம் வேண்டாம் என்றும் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இந்தக் கொட்டேஷனுக்கு இப்போது சரி சொல்லிவிடாதீர்கள். கேமராவில் குற்றமில்லை, செலவு செய்கிற வரிசைதான் தப்பு. கேமரா நடந்ததைப் பிறகு காட்டும். உங்கள் பித்தளைக் கம்பியும், கார்பைடு இன்செர்ட்டும், மைக்ரோமீட்டரும் வாசலைத் தாண்டாமல் தடுப்பது பூட்டும் சத்தமும்தான். முதலில் பூட்டு, அடுத்து அலாரம், மீதிப் பணத்தில் கேமரா என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

பூட்டுக்குப் பெரிய செலவில்லை, பாதி வேலையை நீங்களே செய்துகொள்ளலாம். ஷட்டரின் இரண்டு ஓரப் பூட்டுகளையும் சுற்றி, சாவி நுழைய மட்டும் வழிவிட்டு, தடித்த இரும்புத் தகட்டில் ஒரு கூடு செய்து வெல்டு வையுங்கள். கட்டரின் வாய் பூட்டு வளையத்தைப் பிடிக்க இடமே இருக்கக் கூடாது. பின்கதவுக்கு உள்பக்கம் குறுக்குப் பட்டை போடுங்கள். அப்புறம் கூரை. ஷீட்டை ஒன்று விலக்கினால் ஆள் இறங்கிவிடலாம் என்பது உங்களுக்கும் தெரியும், திருடுகிறவனுக்கும் தெரியும். குறைந்தது அளவுக் கருவிகளும் பித்தளையும் வைக்கிற மூலைக்கு மேலேயாவது ஷீட்டுக்குக் கீழே வெல்டு மெஷ் அடித்துவிடுங்கள்.

அலாரத்தில்தான் டீலர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வீட்டுக் கதவுக்குப் போடுகிற சின்ன காந்த சென்சாரை ஷட்டருக்கும் மாட்டிவிடுவார்கள். காற்றடித்தால் ஷட்டர் ஆடும், காந்தம் விலகும், ராத்திரியில் காரணமில்லாமல் சைரன் அலறும். ஷட்டருக்கென்றே இடைவெளி அதிகம் தாங்குகிற, உலோக உடம்புள்ள காந்த சென்சார் தனியாக வருகிறது. தரையில் பதிக்கிற அதைக் கேட்டு வாங்குங்கள். அதிர்வை உணரும் சென்சார் உங்களுக்கு வேண்டாம். பக்கத்தில் பவர் பிரஸ் ஓடுகிற தெருவில் அது நிம்மதியாக இருக்காது.

உள்ளே ஆள் நடமாட்டத்தைப் பிடிக்க பி.ஐ.ஆர். சென்சார் வைப்பார்கள். சுற்றுப்புறத்துக்கும் மனித உடம்புக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. கோடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மூடிக் கிடக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் காற்றின் சூடே உடம்புச் சூட்டை நெருங்கிவிடும். அந்த நேரத்தில் ஆள் நடந்தாலும் சென்சார் கோட்டைவிட வாய்ப்பு உண்டு. பெருச்சாளியும் பூனையும் ஓடினால் இன்னொரு தொல்லை, ஆளே இல்லாமல் அலறும். பி.ஐ.ஆரும் மைக்ரோவேவும் ஒரே சென்சாரில் சேர்ந்து வருகிற வகையைக் கேளுங்கள். இரண்டும் ஒருசேர உணர்ந்தால்தான் மணி அடிக்கும் என்பதால் பொய் அலாரம் குறையும். விலை கூடத்தான். ஆனால் மூன்று ராத்திரி வீணாக அலறினால் நான்காவது ராத்திரி அலாரத்தை அணைத்துவிட்டுத்தான் எல்லோரும் தூங்குவார்கள், போட்ட காசு அத்தனையும் வீண். மைக்ரோவேவ் மெல்லிய ஷீட்டைத் தாண்டியும் பாயும். அதனால் சென்சாரைத் தெருப்பக்கம் திருப்பாமல் செங்கல் சுவரைப் பார்க்க வையுங்கள்.

சைரன் இரண்டு வேண்டும். ஒன்று வெளியே, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில். இன்னொன்று உள்ளே. உள்ளே காது கிழிகிற சத்தம் இருந்தால் நின்று நிதானமாகப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது.

அலாரம் பேனலில் சிம் போட்டு உங்கள் போனுக்கு அழைப்பு வருகிற வசதி கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: பேனல் 2ஜியா, 4ஜியா? மலிவுப் பேனல்கள் பலவும் 2ஜி மட்டும்தான். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, அந்த சிம் அதில் உயிர் பெறாது. 4ஜி பேனலாகவே வாங்குங்கள். சிம்முக்கு ரீசார்ஜ் முடிகிற தேதியை உங்கள் சொந்த போனில் நினைவூட்டலாகப் போட்டுக்கொள்ளுங்கள். அழைப்பு போகிற முதல் எண் உங்களுடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. பட்டறைக்கு ஐந்து நிமிடத்தில் வரக்கூடியவர் யாரோ அவர் எண் முதலில் இருக்கட்டும்.

இனி கேமராவுக்கு வருவோம். 20க்கு 40 அடிக்கு நான்கு போதும்: ஷட்டருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, பின்கதவுக்கு ஒன்று, அளவுக் கருவி அலமாரியைப் பார்த்து ஒன்று. எண்ணிக்கையைவிட லென்ஸும் உயரமும் முக்கியம். தெரியாத ஒருவரின் முகத்தைப் பதிவில் பார்த்து அடையாளம் சொல்ல, காட்சியின் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பின்பற்றுகிற அளவு. 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1,920 பிக்சல் அகலம். ஆக, ஏழரை மீட்டர் அகலத்துக்கு மேல் காட்சி விரிந்தால் ஆள் தெரிவார், முகம் தெரியாது. டீலர்கள் வழக்கமாக மாட்டுகிற 2.8 மி.மீ. லென்ஸில் இந்த எல்லை சுமார் 3 மீட்டர் தூரத்திலேயே வந்துவிடும். 3.6 மி.மீ. என்றால் நாலரை, ஐந்து மீட்டர். 6 மி.மீ. என்றால் 8 மீட்டர் வரை. உள்ளே மொத்த இடத்தையும் பார்க்க 2.8 சரி. ஷட்டர் வழியாக நுழைகிற முகத்தைப் பிடிக்க 3.6 அல்லது 6 மி.மீ. போடச் சொல்லுங்கள். அதையும் ஏழு, எட்டு அடி உயரத்தில் வையுங்கள். கூரைச் சட்டத்தில் மாட்டினால் தலையின் உச்சிதான் தெரியும்.

ஷட்டரைத் திறந்ததும் வெளி வெயில் கேமரா முகத்தில் அடித்து, வருகிற ஆள் கருநிழலாகிவிடுவார். இதற்கு டபிள்யு.டி.ஆர். என்ற வசதி உண்டு. டி.டபிள்யு.டி.ஆர். என்று எழுதியிருப்பது மென்பொருளால் செய்கிற ஒப்பேற்றல். அட்டைப் பெட்டியில் 120 டெசிபல் (120dB) டபிள்யு.டி.ஆர். என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

ராத்திரிப் படம் எப்படி வருகிறது என்பதை, பணம் கொடுக்கும் முன்பு விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு உங்கள் பட்டறையிலேயே பாருங்கள். கேமராவின் இன்ஃப்ராரெட் ஒளி, கடைந்து மெருகேறிய ராடிலும் சக்கிலும் பட்டுத் திரும்பினால் படம் முழுக்க வெளுத்துப்போகும். அப்படி ஆனால் கேமராவை ஒரு முழம் நகர்த்தினாலே தீரும். அரை உருண்டை மூடி போட்ட டோம் வகையைவிட, குழாய் போல நீண்ட புல்லட் வகை உங்களுக்கு நல்லது. கிரைண்டிங் தூசியும் கூலன்ட் படலமும் டோமின் மூடியில் படிந்தால் அந்த ஒளி மூடியிலேயே சிதறும். எந்த வகையானாலும் வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைத்து, ஒட்டடை தட்டுங்கள். ஒளிக்கு வருகிற பூச்சியைத் தேடிச் சிலந்தி லென்ஸுக்கு எதிரிலேயே வலை கட்டும்.

ஒரு மாதப் பதிவு என்று டீலர் சொன்ன கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் பதிந்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. எட்டு கேமராவுக்கு நாளொன்றுக்கு சுமார் 173 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் ஆறே நாளில் நிரம்பி, பழைய பதிவின் மேலேயே எழுதத் தொடங்கிவிடும். காட்சியைச் சுருக்கிப் பதிகிற எச்.265 முறையில் அளவு பாதியாகக் குறைந்தாலும் பன்னிரண்டு நாள்தான். நான்கு கேமரா, 2 டி.பி. டிஸ்க், எச்.265 என்று வைத்தால் ஒரு மாதம் தாராளமாக வரும். டிஸ்க் கண்காணிப்புக்கென்று செய்ததாக இருக்கட்டும். கம்ப்யூட்டர் டிஸ்க் இரவு பகலாக எழுதிக்கொண்டே இருக்கத் தாங்காது.

டி.வி.ஆரை மேசை மேல் வைக்காதீர்கள். விவரமான திருடன் போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போவான். பரணில் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் காற்றோட்டத்துக்குத் துளையிட்டு வையுங்கள். நான்கு கேமராவும் டி.வி.ஆரும் சேர்ந்து 35, 40 வாட் இழுக்கும். கம்ப்யூட்டர் யு.பி.எஸ்ஸில் இருக்கிற 12 வோல்ட் 7 ஏ.எச். பேட்டரி மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும், வெளியே ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்கிறவனைச் சமாளிக்க அது போதாது. 150 ஏ.எச். பேட்டரியோடு ஒரு இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருந்தால் அதிலிருந்து தனி லைன் எடுத்துவிடுங்கள், ராத்திரி முழுக்க ஓடும். கேமரா வயரை மெஷின் கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் இழுக்க விடாதீர்கள். மோட்டாரும் வெல்டிங்கும் ஓடும்போது படத்தில் கோடு கோடாக ஓடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கேள்வி: திருப்பூரில் பன்னிரண்டு தையல் மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். ஒரே ஹால். ஆன்லைனில் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிற வைஃபை கேமரா ஒன்று போதுமா?

பதில்: ஒரே ஹால், ஒரே வாசல் என்றால் போதும். ரவுட்டருக்கும் சின்ன பேட்டரி பேக்கப் வாங்குங்கள், கரண்ட் போனால் முதலில் சாவது அதுதான். மெமரி கார்டு தொடர்ந்து எழுதத் தாங்கும் ஹை எண்டியூரன்ஸ் வகையாக இருக்கட்டும்.

பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் டி.வி.ஆர்.களையும் உலகம் முழுக்க வளைத்துப் பிடித்தது. உங்களிடம் வேலை செய்வது பெண்கள். அவர்கள் குனிந்து நிமிர்ந்து வேலை செய்கிற காட்சி யாரோ ஒருவன் போனில் ஓடக் கூடாது. பாஸ்வேர்டை நீங்களே மாற்றுங்கள். மாட்ட வந்த பையனின் போனில் ஆப் இணைத்திருந்தால் உங்கள் கண்ணெதிரே நீக்கச் சொல்லுங்கள். உடை மாற்றுகிற, சாப்பிட்டு ஓய்வெடுக்கிற மூலை காட்சிக்குள் வரவே கூடாது. கேமரா இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்று அவர்களிடம் சொல்லிவிட்டே மாட்டுங்கள்.

கேள்வி: சேலத்தில் என் கார்பென்டர் கடைக்கு நான்கு கேமரா மாட்டினேன். பில் போட்டால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆகும் என்றதால் பில் வாங்கவில்லை. நாலே மாதத்தில் இரண்டு கேமரா அவுட். வாரன்டி கேட்டால், பில் இல்லாமல் வாரன்டி கிடையாது என்று வாங்கும்போதே சொன்னேனே என்கிறார் டீலர். தொழிலுக்கு வாங்கிய பொருள் என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாதாமே?

பதில்: கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில். தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்பது பாதி உண்மை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துகிற பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. நீங்களே இழைப்புளி பிடித்து வேலை செய்பவர் என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையத்தில், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

பில் இல்லாதது பின்னடைவுதான், ஆனால் அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. ஜி-பேயில் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன், கேமரா மேல் இருக்கிற சீரியல் நம்பர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்த முறை வாங்குகிறவர்களுக்காக ஒன்று. சி.சி.டி.வி. கேமராக்களுக்கு, பொருள்களின் தரத்தைப் பார்க்கிற அரசு அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு கட்டாயம். அரசு அறிவிக்கையின்படி, 2025 ஏப்ரல் 9 முதல் தகவல் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும். கேமராவிலோ பெட்டியிலோ ஆர் என்ற எழுத்தோடு எட்டு இலக்கப் பதிவு எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கு என்று வந்துவிடும். பில்லில் மாடல், சீரியல் நம்பர், வாரன்டி மாதம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். 18 சதவீதத்தை மிச்சம் பிடித்து வாரன்டியை இழப்பது நட்டக் கணக்கு.

கேள்வி: அம்பத்தூரில் ஷீட் மெட்டல் யூனிட் வைத்திருக்கிறேன். பாங்க் லோனுக்காக இன்சூரன்ஸ் இருக்கிறது. கேமராவும் இருக்கிறது. திருட்டு நடந்தால் வேறு கவலை இல்லைதானே?

பதில்: பாலிசியை எடுத்துப் பெயரைப் பாருங்கள். சொத்து மதிப்பு ஐந்து கோடிக்கு உட்பட்ட சிறு நிறுவனங்களுக்கு 2021 ஏப்ரல் முதல் இருக்கிற பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்றால், அது தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு விபத்து நடந்த ஏழு நாளுக்குள் நடக்கிற திருட்டை மட்டுமே அது சேர்த்துக்கொள்ளும். வெறும் திருட்டுக்கு பர்க்ளரி பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அதிலும் பொதுவாகப் பூட்டை உடைத்தோ கூரையைப் பிரித்தோ நுழைந்த தடயம் இருந்தால்தான் கிளைம். எனவே போலீஸும் இன்சூரன்ஸ் சர்வேயரும் பார்க்கும்வரை உடைந்த பூட்டைத் தொடாதீர்கள்.

பதிவு விஷயத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சாட்சியமாக வைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவிக்குப் பொறுப்பானவரும் இன்னொரு பகுதியில் நிபுணரும் கையெழுத்திடுவார்கள். டி.வி.ஆர். திரையைப் போனில் வீடியோ எடுத்து அனுப்பினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். பழைய பதிவின் மேல் எழுதுவதற்கு முன் அந்த நேரத்துப் பதிவை பென் டிரைவில் எடுத்துவிட்டு, டிஸ்க்கைப் போலீஸ் கேட்டால் சீரியல் நம்பரோடு ஒப்புகை வாங்கிக்கொண்டு கொடுங்கள். டி.வி.ஆர். கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறதா என்று இன்றைக்கே உங்கள் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் தள்ளி ஓடினாலும் வழக்கில் அதை வைத்தே கேள்வி வரும்.