ஆறாம் வகுப்புக்குத் தமிழ் மொழியா, இந்தி மொழியா?

உங்கள் பையனைத் தமிழையே மொழிப்பாடமாக எடுக்கச் சொல்லுங்கள். புனேயில் ஐந்தாவது வரை இந்தி படித்த பையன், சென்னைக்கு வந்ததும் தமிழ் என்றாலே அழுகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் தமிழ் பேசுகிறவன்தானே, பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அவனுக்குச் சிக்கல் மொழியில் இல்லை, எழுத்தில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியில் ஒவ்வொரு ஒலிக்கும் தனி எழுத்து பார்த்துப் பழகியவன். ‘பம்பரம்’ என்ற சொல்லில் முதல் ப-வும் இரண்டாவது ப-வும் வேறு வேறாக ஒலிக்கின்றன, எழுத்து மட்டும் ஒன்று. ‘பழம்’ எழுதும்போது எந்த ‘ல’ என்று வேறு யோசிக்க வேண்டும். குழம்பாமல் என்ன செய்வான்!

ஒரு சோதனை. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு கதையை நீங்கள் வாசித்துக் காட்டி, அவனைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் அதையே அவன் வாசிக்கட்டும். கதை சொல்லிவிட்டு வாசிப்பில் மட்டும் திணறினால், தினம் இருபது நிமிடம் சேர்ந்து வாசித்தாலே போதும். கதையே புரியவில்லை என்றால் நான் சொன்னதை மறந்துவிட்டு, தமிழாசிரியரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள்.

ஒன்று கவனிக்கவும். சிபிஎஸ்இ-யில் ஒன்பதாவதில் எடுக்கும் மொழிதான் பொதுவாகப் பத்தாவதிலும் தொடரும். மாற்ற வேண்டுமானால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். தமிழ்நாட்டில் பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் 2006-இன் தமிழ் கற்றல் சட்டமும் இருக்கிறது. உங்கள் பள்ளியில் தமிழ் எடுக்காமல் இருக்க வழி உண்டா என்பதையே முதலில் கேட்டுவிடுங்கள்.