அமெரிக்காவின் மிட்வெஸ்ட் (நடு மேற்கு) பகுதியில் 10 ஏக்கர் வாங்கித் தற்சார்பாக வாழ எந்த மாநிலம் நல்லது?

சிகாகோவில் ஐடி வேலை, ஒரு சின்னக் குழந்தை, 10 ஏக்கர் வாங்கிக் கோழி, ஆடு, காய்கறி என்று இருக்க ஆசை, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் 7 வருடமாக மிசூரி மாநிலத்தின் தெற்கே, ஓசார்க் மலைப்பகுதியில் 12 ஏக்கரில் இருக்கிறோம். அதனால் நான் மிசூரி என்றுதான் சொல்வேன். ஆனால் அதன் குறைகளையும் தெரிந்துகொண்டு வாருங்கள்.

அரசு இன்னும் இலவச நிலம் தருகிறதா என்றும் கேட்டிருந்தீர்கள். 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கரை 5 வருடம் உழுது குடியிருந்தால் சொந்தமாகிவிடும். 1976இல் அதை நிறுத்திவிட்டார்கள், அலாஸ்காவில் மட்டும் 1986 வரை இருந்தது. கான்சஸில் சில சிற்றூர்கள் இலவசமாகக் கொடுத்ததெல்லாம் ஊருக்குள் வீட்டுமனை. ஆடு வளர்க்க அது ஆகாது.

மண்ணை மட்டும் பார்த்தால் அயோவாவை அடிக்க ஆளில்லை. கையில் அள்ளினால் கறுப்பாகப் பொலபொலவென்று இருக்கும். ஆனால் விளைநிலம் சராசரியாக ஏக்கர் 11,000 டாலருக்கு மேல் போகிறது. அதைவிட எனக்குப் பயம் சுற்றியிருக்கும் மக்காச்சோள, சோயா வயல்கள்தான். அங்கே அடிக்கும் டைகாம்பா, 2,4-டி மாதிரி களைக்கொல்லி காற்றில் கொஞ்சம் வந்தாலே தக்காளி இலை கிண்ணம் போலச் சுருண்டுவிடும், திராட்சையும் தாங்காது. இது மிசூரியிலும் உண்டு. தென்கிழக்கு மூலையில் 2016, 2017இல் பெரிய சண்டையே நடந்தது. எங்கே வாங்கினாலும் காற்று வரும் திசையில் யார் வயல் இருக்கிறது என்று பாருங்கள்.

ஓசார்க்கை நாங்கள் எடுத்ததற்கு முதல் காரணம், மாநிலம் முழுவதற்கும் பொதுவான கட்டட விதி மிசூரியில் கிடையாது. கிராமப்புறக் கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் போன்ற பிரிவு) பலவற்றில் தனியாகவும் விதி இல்லை. முதலில் ஒரு கொட்டகையில் தங்கிக்கொண்டு, கையில் பணம் வர வர வீட்டைக் கட்டினோம். மழை வருடம் 40 அங்குலத்துக்கு மேல். எங்கள் பக்கம் ஏப்ரல் நடுவில் கடைசி உறைபனி, அக்டோபர் நடுவில்தான் அடுத்தது. இந்த ஆறு மாதத்தில் வெண்டை, பாகல், புடலை எல்லாம் நம் ஊர் போலவே காய்க்கிறது. முருங்கை குளிரில் பட்டுப்போகும், தொட்டியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். விறகுக்கு ஓக் மரம் சொந்தக் காட்டிலேயே இருக்கிறது.

இனி குறைகள். வேலிக்கால் நட முதல் குழி தோண்டிய அன்று, ஒரு சாண் ஆழத்தில் ணங் என்று கடப்பாரை நின்றது. நெம்பி எடுத்தால் தேங்காய் அளவு செர்ட் என்ற கடினமான கல், உடைந்த விளிம்பு கையைக் கிழிக்கும். அதற்கடியில் இன்னொன்று. அன்று பொழுது சாயும்வரை நானும் மனைவியும் நட்டது 4 கால்கள். இந்த மண்ணில் நேரடியாகக் கிழங்கு போடும் நினைப்பை விட்டுவிடுங்கள். நாங்கள் பலகை கட்டி, ஓக் இலையும் ஆட்டெருவும் மக்கவைத்து உயரப்பாத்தி போட்டுத்தான் காய்கறி எடுக்கிறோம்.

தண்ணீர் இன்னும் முக்கியம். கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் குகையுமாக இருக்கும். மேலே விழும் மழை மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் சேர்ந்துவிடும். முதல் வருடம் பெருமழைக்குப் பிறகு எங்கள் குழாய்த் தண்ணீர் கலங்கி வந்தது. சோதனைக்குக் கொடுத்தால் கோலிஃபார்ம் பாக்டீரியா, அதாவது மேலிருந்து அசுத்தம் கலக்கிறது என்பதற்கு அடையாளம். பழைய போர்வெல், இரும்புக் குழாயைப் போதிய ஆழம் இறக்கவில்லை. விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பணம் கொடுக்குமுன் நீங்களே தண்ணீரைச் சோதித்துவிடுங்கள், அதுவும் மழைக்குப் பிறகு.

உண்ணியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வருகிறது. பிறகு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டால் சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் தடித்துவிடும், மூச்சுத்திணறல்கூட வரலாம். கோடையில் தினமும் சாயங்காலம் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்புறம், தலைமுடி ஓரம் என்று தடவிப் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டில் சாப்பாடு.

இதெல்லாம் வேண்டாம் என்றால் தென்மேற்கு விஸ்கான்சின் பாருங்கள். பனிப்பாறைகள் படியாத பகுதி, குன்றும் ஊற்றும் நல்ல மேய்ச்சலும் உண்டு. ஆர்கானிக் வேலி (Organic Valley) என்ற இயற்கை விவசாயிகள் கூட்டுறவு 1988இல் அங்கேதான் தொடங்கியது, சிறு விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிகாகோவுக்கும் எங்களைவிடக் கிட்டம். சொத்து வரி அதிகம், குளிரில் மண் உறைவதால் அஸ்திவாரத்தை 4 அடி ஆழத்தில் போட வேண்டும். மிச்சிகனின் மேல் தீபகற்பம் அழகுதான், ஆனால் அந்தப் பனியில் முதல் வருடமே ஆடு வளர்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எந்த மாநிலமானாலும் நிலத்தை மார்ச் மாதம், மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தார்ச்சாலையிலிருந்து நிலம்வரை வழிப்பாதை உரிமை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். எங்களுக்கு ஆஸ்பத்திரி 50 நிமிடத் தொலைவு. மகனுக்கு ஒரு ராத்திரி மூச்சிரைத்தபோது அந்த 50 நிமிடம் எப்படிப் போனது என்று எங்களுக்குத்தான் தெரியும். உங்கள் குழந்தைக்கு 2 வயது என்கிறீர்கள். 25 நிமிடத்துக்குள் அவசரப் பிரிவு உள்ள கவுண்டிகளை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குள் நிலம் தேடுங்கள்.