ஆபீஸ் நன்கொடை: கேட்பது யார், தெரிவது யாருக்கு?

வேலை செய்யும் இடத்தில் நடக்கும் நன்கொடை வசூல் பற்றி வந்த கேள்விகளில் ஐந்துக்கு இந்த முறை பதில். ஐந்து பேருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

கேள்வி: எங்கள் மேலாளர் ஒரு தாளோடு மேசை மேசையாக வருகிறார். பெயர், தொகை, கையெழுத்து என்று மூன்று கட்டம். முதல் வரியில் அவர் பெயரே இருக்கிறது. எனக்கு இந்த மாதம் முடியாது. முகத்துக்கு நேராக எப்படி மறுப்பது?

பதில்: அந்தத் தாளை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். முதல் வரியில் மேலாளர் எழுதிய தொகைதான் மற்றவர்களுக்கு அளவுகோல். இரண்டாவது, மூன்றாவது ஆள் அதை ஒட்டியே எழுதுவார்கள். ஆறாவது ஆள் அதில் பாதி எழுதவே கூச்சப்படுவார். மேலாளர் வாயைத் திறக்கவே வேண்டாம், தாளே நெருக்கிவிடும்.

அதனால் தாளையும் பேனாவையும் கையில் வாங்காதீர்கள். வாங்கிய பிறகு எழுதாமல் திருப்பிக் கொடுப்பதைவிட எழுதிவிடுவது எளிதாகத் தோன்றும். "சார், இந்த வசூலில் நான் சேரலை" என்று சொல்லி, அங்கேயே நிறுத்துங்கள். பலர் சறுக்குவது இதற்கு அடுத்த வாக்கியத்தில்தான். காரணம் சொன்னால் பேரம் தொடங்கும். "இந்த மாசம் கொஞ்சம் கஷ்டம்" என்றால் "அப்போ அடுத்த மாசம்", இல்லாவிட்டால் "பாதியாவது போடுங்க". "நான் வேறு இடத்துக்குக் கொடுக்கிறேன்" என்றால் "எங்கே?" என்ற கேள்வி வரும். உங்கள் வீட்டு வரவு செலவு அந்த மேசையில் விவாதிக்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இரண்டாம் முறை கேட்டால் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "தப்பா எடுத்துக்காதீங்க சார்" என்று வேலைப் பேச்சுக்குத் திரும்புங்கள். மூன்றாம் முறையும் கேட்டால் அது வேண்டுகோள் இல்லை. தேதி, நேரம், அவர் சொன்ன சொற்கள், பக்கத்தில் இருந்தவர்கள் என்று நான்கையும் அன்றே குறித்து வையுங்கள்.

தொல்லை விடட்டும் என்று ஒரு சின்னத் தொகையை எழுதிவிடலாமா என்று நினைப்பீர்கள். எங்கள் கருத்து: எழுத வேண்டாம். அடுத்த வருடம் இந்தத் தாளைப் பார்த்துத்தான் புதிய பட்டியல் தயாராகும். உங்கள் பெயர் அதில் இருந்தால் ஏழாவது ஆளிடம் "எல்லாரும் கொடுத்துட்டாங்க" என்று சொல்ல நீங்களும் சாட்சி ஆகிவிடுவீர்கள். பின்னால் கையில் பணம் இருந்து, அந்த அமைப்பின் மேல் நம்பிக்கையும் இருந்தால் நேரடியாக அனுப்பி உங்கள் பெயரில் ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: "ஒரு நாள் சம்பளம் நிவாரண நிதிக்குப் பிடிக்கப்படும், விருப்பமில்லாதவர்கள் மூன்று நாளுக்குள் எழுதித் தெரிவிக்கவும்" என்று சுற்றறிக்கை வந்தபோது நான் விடுப்பில் இருந்தேன். பணம் பிடித்துவிட்டார்கள். திரும்பக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் உடனே கேட்க வேண்டும். வசூலான பணம் நிறுவனத்தின் கணக்கில் இருக்கும்வரை அடுத்த சம்பளத்தில் சரிக்கட்டுவது சுலபம். நிதிக்கு அனுப்பிவிட்டால் நிறுவனம் தன் கையிலிருந்து தர வேண்டியிருக்கும். அப்போது இழுத்தடிப்பார்கள்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 95ஆம் எண் உடன்படிக்கை, ஊதியப் பாதுகாப்புக்காகவே 1949இல் ஏற்கப்பட்டது. தொழிலாளி தன் ஊதியத்தை விருப்பப்படி செலவிடும் சுதந்திரத்தை முதலாளி எந்த வகையிலும் கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது அதன் 6ஆம் பிரிவு. நாட்டின் சட்டமோ, கூட்டு ஒப்பந்தமோ, நடுவர் தீர்ப்போ அனுமதிக்கும் அளவுக்குத்தான் பிடித்தம் செய்யலாம், அதன் நிபந்தனைகள் தொழிலாளிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்கிறது 8ஆம் பிரிவு. இதைக் கடிதத்தில் மேற்கோள் காட்டி மிரட்ட வேண்டாம். உடன்படிக்கையை ஏற்ற நாடுகளைத்தான் அது கட்டுப்படுத்தும். உங்கள் நாட்டின் ஊதியச் சட்டத்தில் "பிடித்தங்கள்" என்ற பகுதியைத் தேடிப் பாருங்கள். நன்கொடைக்கு ஊழியரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டுமா என்பது அங்கேதான் இருக்கும்.

கடிதம் நான்கு வரி போதும்: "இந்த மாதச் சம்பளத்தில் நிவாரண நிதி என்று பிடித்த தொகைக்கு நான் ஒப்புதல் தரவில்லை. சுற்றறிக்கை வந்தபோது விடுப்பில் இருந்தேன். அத்தொகையை அடுத்த சம்பளத்தில் சேர்த்துத் தரவும். இனி என் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் இத்தகைய பிடித்தம் செய்ய வேண்டாம்." சம்பளப் பிரிவுக்கு அனுப்பி, மனிதவளத் துறைக்கு நகல் வையுங்கள். மேலாளர் வழியாக அனுப்ப வேண்டாம். சம்பளச் சீட்டையும் சுற்றறிக்கையையும் சொந்தப் பிரதியாக எடுத்து வையுங்கள்.

கையோடு தொகையையும் சரிபாருங்கள். "ஒரு நாள் சம்பளம்" என்பது ஒரே எண் இல்லை. மாதச் சம்பளம் 30,000 என்றால், 30ஆல் வகுத்தால் 1,000, 26ஆல் வகுத்தால் 1,154, 22 வேலை நாளால் வகுத்தால் 1,364. அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால் இன்னும் குறையும். எதை எதனால் வகுத்தார்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று, ரசீது. எல்லோருடைய பணத்தையும் ஒரே காசோலையாக நிறுவனம் கொடுத்தால் ரசீது நிறுவனத்தின் பெயரில் வந்துவிடும். பணம் உங்களுடையது, புகைப்படமும் பாராட்டும் அவர்களுடையது. உங்கள் பெயரில் ரசீது இல்லாமல் வரிச்சலுகை கோருவதும் கடினம்.

கேள்வி: இந்த வருட வசூலை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். "100 சதவீதம் பங்கேற்பு" என்பது இலக்கு. யாரையும் நெருக்காமல் இதை நடத்த முடியுமா?

பதில்: இலக்கை மாற்றாமல் முடியாது. 100 சதவீதம் என்று சொன்ன நிமிடமே கொடுக்காத ஒவ்வொருவரும் கணக்கைக் கெடுத்தவர் ஆகிவிடுகிறார். மேலிடத்துக்கு எண் வேண்டும் என்றால் "அனைவருக்கும் தகவல் சென்று சேர்ந்தது" என்பதை 100 சதவீதமாக வையுங்கள்.

இதற்கு எழுதி வைத்த முன்மாதிரி உண்டு. அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களிடையே 'கம்பைன்ட் ஃபெடரல் கேம்பெய்ன்' என்ற வசூல் 1960களிலிருந்து நடக்கிறது. அதன் விதிகள் வற்புறுத்தல் எது என்பதை வெளிப்படையாகவே பட்டியலிடுகின்றன. மேலதிகாரி தன் கீழ் வேலை செய்பவரிடம் நன்கொடை கேட்கக் கூடாது. கொடுத்தாரா, எவ்வளவு என்று விசாரிக்கவும் கூடாது. தன் பிரிவின் மொத்தக் கணக்கு மட்டும்தான் அவருக்குத் தெரியலாம். 100 சதவீத இலக்கு, தனிநபருக்கு இவ்வளவு என்ற ஒதுக்கீடு, கொடுக்காதவர் பட்டியல் எல்லாமே தடை. ஒரு பிரிவில் எவ்வளவு வசூலானது என்பதை அதன் மேலதிகாரியின் பணி மதிப்பீட்டில் சேர்க்கவும் தடை. இந்தக் கடைசி விதி அருமையானது. மேலாளருக்கு லாபம் இல்லை என்றால் அவர் நெருக்க மாட்டார்.

இனி நடைமுறை. எல்லோருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். உள்ளே ஒரு படிவம், அதன் முதல் தேர்வு "இம்முறை பங்கேற்கவில்லை" என்று இருக்கட்டும். கொடுப்பவர், கொடுக்காதவர் எல்லோரும் உறையை ஒட்டி ஒரே பெட்டியில் போட வேண்டும். அப்போது பெட்டிக்கு அருகில் நிற்பவருக்கும் யார் கொடுத்தார் என்று தெரியாது. பெட்டியைத் திறப்பவர் யாருக்கும் மேலாளராக இல்லாதவராக இருக்க வேண்டும், முடிந்தால் வெளியாள். பிரிட்டனில் 1987இல் வந்த சம்பளவழி நன்கொடைத் திட்டத்தில் பணத்தை வாங்கிப் பிரித்து அனுப்ப நடுவில் ஒரு முகமை இருக்கிறது. எந்த அமைப்புக்கு என்பது ஊழியரின் விருப்பம்.

இங்கே பலர் கோட்டை விடுவது சின்னக் குழுக்களில். நான்கு பேர் உள்ள பிரிவில் "மூன்று பேர் கொடுத்தார்கள்" என்று அறிவித்தால் நான்காவது ஆளைச் சுட்டிக்காட்டியதாகத்தான் அர்த்தம். பத்துப் பேருக்குக் குறைவான குழுக்களின் கணக்கைத் தனியாக வெளியிடாமல் பெரிய பிரிவோடு சேர்த்துவிடுங்கள். கொடுத்தவர்களுக்குப் பேட்ஜ், ஸ்டிக்கர், அன்று மட்டும் விருப்ப உடை எதுவும் வேண்டாம். சட்டையில் பேட்ஜ் இல்லாதவர் யார் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். படிவத்தில் தொகைக்குக் காலி இடம் விடுங்கள். அச்சடித்த நான்கு தொகைகள் இருந்தால் மிகச் சிறியதை டிக் செய்பவர் தன்னைக் கஞ்சன் என்று நினைத்துக்கொள்வார். தொடக்க அறிவிப்பு ஒன்று, நினைவூட்டல் ஒன்று, முடிவுத் தேதி. அவ்வளவுதான். முடிவுத் தேதியை நீட்டிக்காதீர்கள், நீட்டிப்பு கொடுக்காதவர்களுக்கு மட்டும் எழுதிய கடிதம் மாதிரி.

கேள்வி: "டீம்ல நீங்க மட்டும்தான் பாக்கி" என்கிறார் டீம் லீடர். அடுத்த மாதம் அப்ரைசல். பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் மட்டும்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதுதான் முதல் கேள்வி. அதையே மனிதவளத் துறைக்கு எழுதலாம். புகார் மாதிரி வேண்டாம், கேள்வியாக: "நன்கொடை விருப்பத்தின் பேரில் என்று அறிவிக்கப்பட்டது. யார் கொடுத்தார்கள் என்ற விவரம் டீம் லீடர்களுக்குத் தரப்படுகிறதா?" இதை அப்ரைசலுக்கு முன்பே அனுப்புங்கள். மதிப்பெண் குறைந்த பிறகு எழுதினால் ஏமாற்றத்தில் எழுதியதாகத் தோன்றும். முன்பே எழுதியிருந்தால் கடிதத்தின் தேதி உங்கள் பக்கம் பேசும். சென்ற ஆண்டு மதிப்பீட்டையும், இந்த ஆண்டு முடித்த வேலைகளின் பட்டியலையும் கையில் வைத்திருங்கள்.

கேள்வி: விடைபெறும் அதிகாரிக்குப் பரிசு வாங்க வாட்ஸ்அப் குழுவில் வசூல். பணம் போட்டவர் பெயருக்கு நேரே டிக் போடுகிறார்கள். இதுவும் அதே கதைதானே?

பதில்: அதே கதைதான், தொகைதான் சிறியது. பட்டியலை எடுத்துவிட்டு, கணக்கு எண்ணையும் கடைசித் தேதியையும் மட்டும் போடும்படி வசூலிப்பவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். குழுவில் எழுதினால் சண்டையாகும். வாழ்த்து அட்டையில் பணம் போடாதவர்களும் கையெழுத்துப் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.