முடிவுகள் எங்கே பிறக்கின்றன?

கேள்வி: கொழும்பு கொள்ளுப்பிட்டியில் உள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் மனிதவள முகாமையாளராகப் பணியாற்றுகிறேன். ஊழியர்களில் பாதிப் பேர் அலுவலகம் வருகிறார்கள். மற்றவர்கள் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கண்டி ஆகிய இடங்களில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். வெள்ளிதோறும் சூம் வழியாக விளையாட்டுகள் நடத்தியும் வெளியூர்க்காரர்கள் ஒட்டாமலேயே இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சென்ற மாதம் உங்கள் நிறுவனத்தில் எடுக்கப்பட்ட முக்கியமான முடிவொன்றை நினைத்துப் பாருங்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் நான்கு பேர் பேசி முடித்த அதனை, மட்டக்களப்பில் இருப்பவர் இரண்டு நாள் கழித்து யாரோ சொல்லித்தான் அறிந்தார் என்றால், அவர் ஒட்டாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் பண்பாடு என்பது அங்கே முடிவுகள் எப்படிப் பிறக்கின்றன, அவற்றை யார் முதலில் அறிகிறார்கள் என்பதில்தான் பெரிதும் தங்கியிருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தலைமையகமே இல்லாமல், 60இற்கு மேற்பட்ட நாடுகளில் ஊழியர்களைக் கொண்டிருந்த கிட்லாப் என்ற மென்பொருள் நிறுவனம், 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் நஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. தன் நடைமுறைகளை எல்லாம் ஒரு கையேட்டில் எழுதி, அதை எவரும் வாசிக்கும்படி இணையத்திலும் வெளியிட்டிருக்கிறது. அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டாம். எடுத்த முடிவு, அதற்கான காரணம், மாற்றுக் கருத்துச் சொல்வதற்கான கடைசி நாள் ஆகிய மூன்றையும் எல்லோரும் பார்க்கும் ஓரிடத்தில் எழுதிய பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்று விதி செய்யுங்கள். கூட்டங்களில் ஒருவர் தொலைவில் இருந்தாலும், அலுவலகத்தில் உள்ளவர்களும் தத்தம் கணினியிலிருந்தே இணையட்டும்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் கூட்டங்களில் பகிடிகள் எந்த மொழியில் நடக்கின்றன? வேலைப் பேச்சு ஆங்கிலத்திலும் சிரிப்பு முழுவதும் சிங்களத்திலும் இருந்தால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை திரையில் மௌனமாகப் புன்னகைத்துக்கொண்டுதான் இருப்பார். சிங்களம் சரளமாகப் பேசும் கண்டிக்காரருக்கு அதே கூட்டம் வேறுவிதமாகத் தெரியும். இதைக் குற்றச்சாட்டாக்காமல், கூட்டத்தை நடத்துபவரே இடையிடையே மொழிபெயர்த்துச் சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். வெசாக் வாழ்த்து அனுப்பும் குழுவில் தைப்பொங்கலுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அதே அக்கறை தெரிய வேண்டும்.

நேரில் சந்திப்பதற்கு ஈடு எதுவுமில்லை. ஆண்டுக்கு இருமுறையாவது எல்லோரையும் கூட்டுங்கள். அதில் ஒருமுறை கொழும்பில் உள்ளவர்கள் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பயணம் செய்யட்டும்.