மெடிக்கல் அசிஸ்டென்ட் படிக்க 19,000 டாலர் கடன் வாங்கலாமா?

கேள்வி: கோயம்புத்தூரில் பி.இ. முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி எச்-4 விசாவில் (கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது) அமெரிக்கா வந்து 11 வருடம் ஆகிறது, அதில் கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்டில் 6 வருடம். போன வருடம் கிரீன் கார்டு வந்துவிட்டது. கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் மெடிக்கல் அசிஸ்டென்ட் ஆக ஆசை. ஒரு தனியார் பள்ளியில் 9 மாதப் படிப்பு, கட்டணம் 19,000 டாலர். 10 சதவீத வட்டியில் பத்து வருடக் கடனை அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள், அரசு உதவித்தொகையும் கிடைக்கும் என்கிறார்கள். அரசு நடத்தும் கம்யூனிட்டி காலேஜில் சேர இன்னும் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். பிள்ளைகள் இருவரும் ஆரம்பப் பள்ளியில். பள்ளி விட்ட பிறகு பார்த்துக்கொள்ள மாதம் 1,400 டாலர் ஆகும். கணவருக்கு வருடம் 1,50,000 டாலர் சம்பளம். "இவ்வளவு படித்துவிட்டு பிபி பார்க்கவா போகிறாய்" என்று கேட்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: படியுங்கள், ஆனால் அந்தக் கடன் வேண்டாம். ஆறு மாதம் காத்திருந்து கம்யூனிட்டி காலேஜிலேயே சேருங்கள்.

முதலில் அந்த உதவித்தொகை. அவர்கள் சொல்வது பெரும்பாலும் மத்திய அரசின் பெல் கிரான்ட்டாகத்தான் இருக்கும். கிரீன் கார்டு இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கலாம், அது உண்மை. ஆனால் ஏற்கெனவே இளநிலைப் பட்டம் வாங்கியவர்களுக்கு அது கிடையாது, அந்தப் பட்டம் வெளிநாட்டில் வாங்கியதாக இருந்தாலும் சரி. உங்கள் நான்கு வருட பி.இ. அந்தக் கதவை மூடிவிடுகிறது. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கப் பார்க்கிறார்கள் என்றால், அங்கே சேரும் முன் நன்றாக யோசியுங்கள்.

இப்போது கணக்கு. 19,000 டாலரை 10 சதவீதத்தில் பத்து வருடம் கட்டினால் மாதம் சுமார் 251 டாலர், மொத்தம் 30,000 டாலருக்குக் கொஞ்சம் மேல். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவு) 46 டாலர்தான், 32 யூனிட் என்று வைத்துக்கொண்டாலும் 1,472 டாலர். புத்தகம், ஸ்கரப்ஸ் சீருடை, சிபிஆர் முதலுதவிச் சான்றிதழ், பின்னணிச் சோதனை, தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 3,000 எடுத்து வைத்தால் போதும் என்பது என் கணிப்பு. ஹேவர்டில் ஷபோ, குப்பர்டினோவில் டி ஆன்சா இரண்டையும் விசாரித்துப் பாருங்கள் (டி ஆன்சாவில் வருடத்தைக் காலாண்டுகளாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறை, அங்கே யூனிட் கணக்கு வேறு மாதிரி இருக்கும்). படிக்கும் வருடத்தில் உங்கள் கூட்டு வருமானம் 1,60,000 டாலருக்குக் கீழே இருந்தால், லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட்டில் கட்டணத்தின் 20 சதவீதம் வரியில் கழியும். சுமார் 300 டாலர்தான், ஆனாலும் விடாதீர்கள்.

கட்டணத்தை விடப் பெரிய விஷயம் வேலைக்குப் போன பிறகு கையில் என்ன நிற்கும் என்பது, இதை யாரும் உட்கார்ந்து கணக்குப் போடுவதில்லை. கலிஃபோர்னியாவில் மருத்துவத்துறைக்கென்று தனிக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 2024 அக்டோபர் 16 முதல் அமலில் இருக்கிறது. 10,000 ஊழியர்களுக்கு மேல் உள்ள பெரிய மருத்துவமனைக் குழுமங்களில் மணிக்கு 23 டாலரில் தொடங்கி 25 வரை ஏறும்படி வைத்திருக்கிறார்கள். ஒற்றை டாக்டர் நடத்தும் சின்ன கிளினிக்கை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது, அதனால் எங்கே வேலை தேடுகிறீர்கள் என்பதிலேயே சம்பளம் பாதி முடிவாகிவிடும். சரி, குறைத்தே வைத்து 23 டாலர் என்று எடுத்துக்கொள்வோம், முழுநேரம் என்றால் வருடம் 47,840. இது கணவர் சம்பளத்தின் மேல் போய் உட்காருவதால் மத்திய வரி 22 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் (ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான பிடித்தம்) 7.65, மாநில வரி 9 சதவீதத்தை ஒட்டி, அப்புறம் எஸ்டிஐ என்ற மாநிலக் காப்பீட்டுப் பிடித்தம். கிட்டத்தட்ட 40 சதவீதம் போய்விடும். கைக்கு வருவது மாதம் 2,400 டாலருக்குக் கொஞ்சம் குறைவு, அதில் பிள்ளைகளுக்கு 1,400 போனால் மிச்சம் கிட்டத்தட்ட ஆயிரம். அந்த ஆயிரத்திலிருந்து மாதம் 251 டாலர் பத்து வருடத்துக்குப் போவதை நினைத்துப் பாருங்கள், உங்கள் உழைப்பில் கால்வாசி அந்தப் பள்ளிக்கே போகிறது. நான் வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான். இதே கலிஃபோர்னியாவில் மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பை விற்ற கொரிந்தியன் காலேஜஸ் 2015-இல் இழுத்து மூடப்பட்டது, அதில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு ஒட்டுமொத்தமாகத் தள்ளுபடி செய்தது 2022-இல்தான். அதுவும் அரசுக் கடனுக்கு மட்டும்.

வேலையில் சேரும் நாளில் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று சொல்லும் டபிள்யூ-4 படிவத்தில், கணவன் மனைவி இருவரும் வேலை பார்ப்பதைக் குறிக்கும் இரண்டாவது படியைக் காலியாக விடாதீர்கள். விட்டால் குறைவாகப் பிடித்துவிட்டு ஏப்ரலில் ஆயிரக்கணக்கில் கட்டச் சொல்வார்கள். கணவர் அலுவலகத்தில் டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ என்ற சேமிப்புக் கணக்கு வசதி இருந்தால் பிள்ளைகளின் பராமரிப்புச் செலவை வரிக்கு முந்திய பணத்திலிருந்து கட்டலாம், அது அந்த 1,400-ஐக் கொஞ்சம் இளக்கும்.

கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். எச்-4-இல் சம்பாதிக்காமல் இருந்த வருடங்களில் உங்கள் பெயரில் ஒரு சோஷியல் செக்யூரிட்டி கிரெடிட்கூடச் சேரவில்லை. சொந்தமாக ஓய்வூதியம் வாங்க 40 கிரெடிட் வேண்டும், வருடத்துக்கு 4-க்கு மேல் சேராது, அதாவது பத்து வருட வேலை. அவர் பெயரில் வாழ்க்கைத்துணைக்கான தொகை கிடைக்கும்தான், ஆனால் உங்கள் பெயரில் ஒரு கணக்கும் 401கே ஓய்வுக்காலச் சேமிப்பும் இருப்பது வேறு. பிபி பார்ப்பது, ஊசி போடுவது, பயந்துபோய் வரும் பாட்டியை உட்காரவைத்துப் பேசுவது, இதெல்லாம் சின்ன வேலை இல்லை.

ஒரு வேளை மனதுக்குள் நர்ஸ் ஆகும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மெடிக்கல் அசிஸ்டென்ட் பாடங்கள் பெரும்பாலும் நர்சிங் சேர்க்கைக்குக் கணக்கில் வராது. அதற்கு உடற்கூறியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல் எடுக்க வேண்டும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2024 மே கணக்கில் நாடு முழுக்க மெடிக்கல் அசிஸ்டென்ட்டின் இடைநிலைச் சம்பளம் 44,200 டாலர், ரெஜிஸ்டர்ட் நர்ஸுக்கு 93,600. பாதை நீளம், ஆனால் உங்களுக்கு வயது இருக்கிறது.

காலேஜில் சேரும் முன் கேட்க வேண்டியது, இந்தப் படிப்பை முடித்தால் எந்தச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாம் என்பதுதான். கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கு உரிமம் தேவையில்லை, ஆனாலும் நல்ல இடங்களில் சிஎம்ஏ, சிசிஎம்ஏ மாதிரி மெடிக்கல் அசிஸ்டென்ட் சான்றிதழ் ஏதாவது ஒன்று கேட்பார்கள். கிளினிக்கில் நேரடிப் பயிற்சி 160 மணி நேரம், சில இடங்களில் அதற்கும் மேல், சம்பளம் கிடையாது, பெரும்பாலும் பகலில்தான். அந்த ஒரு மாதத்துக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் செலவை, 1,400 டாலரை, இன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.

காத்திருக்கும் ஆறு மாதத்தில் மருத்துவச் சொற்கள் பாடத்தைத் தனியாக எடுத்து முடித்துவிடலாம். தடுப்பூசிச் சான்றும் கேட்பார்கள், கோவையில் சின்ன வயதில் போட்டதற்குச் சீட்டு கிடைக்காவிட்டால் ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் ஏதாவது ஊசி திரும்பப் போட வேண்டி வந்தால் மாதக்கணக்கில் இழுக்கும், அதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.