கிராணியார் போய்விட்டார், மகன் இருக்கிறாரே

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து வாசகர் ஒருவர் நாலு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். காலமெல்லாம் தமிழ் நாளிதழ் நிருபர், ஓய்வுக்குப் பிறகு சொந்தக் காசில் வாழ்க்கை நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். அதில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியார் கோயில் பணத்தைச் சுருட்டிய கதை ஓர் அத்தியாயம். இப்போது கிராணியாரின் மகன் மன்னிப்பும் இழப்பீடும் கேட்டு வழக்கறிஞர் கடிதம் அனுப்பியிருக்கிறார், என்ன செய்வது என்று வாசகர் கேட்கிறார்.

ஐயா, பத்திரிகை உங்களுக்குக் கடைசி நாளில் ஒரு மாலைகூடப் போடவில்லை என்பது வருத்தம்தான், ஆனால் வழக்குக்கு உதவாது. செத்தவருக்காக அவதூறு நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறீர்கள், அது சரி. ஆனால் "அந்தப் பணத்தில்தான் மகன் டவுனில் கடை வைத்தான்" என்று முடித்திருக்கிறீர்களே, வழக்கே அந்த ஒரு வரிதான். பெயர் போடாவிட்டாலும் எந்தக் கடை, யார் மகன் என்று ஊருக்கே தெரியும்.

இதே கதை 1987இல் பேப்பரில் வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை என்பதும் எடுபடாது. புத்தகம் புதிய பிரசுரம், ஆறு வருடக் கெடு அது வெளிவந்த நாளிலிருந்துதான். தவிர, நீங்கள் அனுப்பிய பழைய நறுக்கில் கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அன்றைக்கு உங்கள் எழுத்தைப் பார்த்து வெட்ட ஓர் ஆசிரியர் இருந்தார், புத்தகத்துக்கு யார் இருந்தார்?

என்னிடம் வரும் பத்திரிகைக்காரர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். "என்று பேசிக்கொண்டார்கள்" என்று எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஊர் சொன்னதைத் திருப்பிச் சொன்னாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் சொன்னதுதான், உண்மை என்று நிரூபிக்க வேண்டியவரும் நீங்கள்தான். கோயில் கணக்குப் புத்தகம் எங்கே? தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்துச் செம்பனை நட்டாகிவிட்டது, காலையில் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் இந்தக் கதையைக் கேட்டவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேர் பிள்ளைகளோடு கிள்ளானிலும் ஜொகூரிலும் இருக்கிறார்கள், அவர்களும் கோர்ட்டு என்றதும் எனக்கு ஞாபகமில்லை தம்பி என்பார்கள். அப்புறம், வந்த கடிதத்தைப் படமெடுத்து ஆலயக் குழு வாட்சாப்பில் போட்டு "மிரட்டுகிறார்கள்" என்று எழுதினீர்களாமே! அதைக் காட்டித்தான் உள்நோக்கம் இருந்தது என்பார்கள், தொகையும் ஏறும்.

சமாதானமாகப் போங்கள். தோற்றால் அவர்கள் வழக்குச் செலவும் உங்கள் தலையில் விழும், சேமநிதிப் பணத்தை இதில் கரைக்காதீர்கள். கடை பற்றிய வரிக்கு மட்டும் மன்னிப்பு, மிச்சப் பிரதிகளில் திருத்தச் சீட்டு, அடுத்த பதிப்பில் அந்த வரி இருக்காது என்று எழுத்தில் உறுதி. அப்பா பற்றிய பகுதியை விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆனால் அவதூறைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டம் 499ஆவது பிரிவு இறந்தவரையும் தொடும் என்பதால் அதில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டால் அதைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்கச் சொல்ல 1957 அவதூறுச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. பேச்சு வழக்கறிஞர் வழியாகவே நடக்கட்டும், பழத்தட்டோடு அவர் வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். அதுவரை தீபாவளிச் சந்தையில் புத்தகக் கடை போடும் யோசனையையும் நிறுத்தி வையுங்கள்.